கையில கிடைச்ச ஃபாசில் பல் எந்த மிருகத்தோடது? படிப்படியா கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

அழிஞ்சுபோன பாலூட்டி மிருகங்களோட மிச்சத்துல எது ஒண்ணு கிடைச்சா அதிகமா விஷயம் சொல்லும்னு கேட்டா, யோசிக்காம பல்லுனு தான் சொல்லுவேன். எலும்பு உடையும், மக்கும், தண்ணியில உருண்டு தேஞ்சு போகும். ஆனா பல்லு மேல இருக்கற எனாமல் எடையில கிட்டத்தட்ட 96 சதவீதம் தாது, உடம்புலயே அதை விட கெட்டியான பொருள் கிடையாது, அதனால மத்ததெல்லாம் போனப்புறமும் பல் மட்டும் மண்ணுல கிடக்கும். ஜைஜான்டோபிதிகஸ்னு ஒரு ராட்சச குரங்கு இருந்துச்சுன்னு உலகத்துக்கு தெரிஞ்சதே ஒரு பல்லால தான், 1935ல வான் கோனிக்ஸ்வால்ட்ங்கற ஃபாசில் ஆய்வாளர் ஹாங்காங்ல ஒரு நாட்டு மருந்துக்கடையில டிராகன் பல்லுனு வித்துட்டு இருந்த ஒரு பெரிய கடைவாய்ப்பல்லை பாத்து இது குரங்கோடதுன்னு புரிஞ்சுக்கிட்டார். இன்னைக்கு வரைக்கும் அந்த குரங்குக்கு பற்களும் சில கீழ்த்தாடைகளும் தவிர வேற எதுவும் கிடைக்கல.

அதே நேரம் பல்லை அவசரப்பட்டு படிச்சா என்ன ஆகும்ங்கறதுக்கும் கதை இருக்கு. அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல 1917ல ஹரால்ட் குக் ஒரு தேஞ்ச கடைவாய்ப்பல்லை எடுத்தார். 1922ல ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பர்ன்ங்கற பெரிய நிபுணர் அதை பாத்துட்டு இது அமெரிக்காவோட முதல் மனிதக்குரங்குன்னு ஹெஸ்பரோபிதிகஸ்னு பேரே வெச்சுட்டார். அப்புறம் அதே இடத்துல திரும்ப தோண்டி பாத்தப்போ நிறைய எலும்பு கிடைச்சு, 1927ல அது பெக்கரிங்கற காட்டுப்பன்னி மாதிரியான மிருகத்தோட பல்லுனு தெளிவாச்சு. ஆஸ்பர்ன் ஒண்ணும் தெரியாத ஆள் கிடையாது, பல்லு தான் ரொம்ப தேஞ்சு போயிருந்துச்சு. தேஞ்ச பன்னி வகை பல்லும் மனுஷ வகை பல்லும் அவ்வளவு ஒத்துப்போகும். அதனால இந்த வழிகாட்டி முழுக்க நான் ஒரே விஷயத்தை தான் திரும்பத் திரும்ப சொல்லப்போறேன்: கலரையும் சைஸையும் ஒதுக்கி வெச்சுட்டு மெல்லுற பரப்புல எனாமல் என்ன கோலம் போட்டிருக்குனு பாருங்க, அந்த கோலம் எவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போகுதோ அவ்வளவு தூரம் மட்டும் பேர் சொல்லுங்க.

படி 1: கிடைச்ச இடத்துலயே செய்ய வேண்டியது

பல்லை கையில எடுக்கறதுக்கு முன்னாடி அது கிடக்கற நிலையிலயே போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேலோ பேனாவோ வெச்சுக்குங்க. போன்ல ஜிபிஎஸ் இடத்தை பதிவு பண்ணுங்க. பல் பாறை அடுக்குக்குள்ள பதிஞ்சு இருந்துச்சா, இல்ல ஆத்து கல்லோட கல்லா உருண்டு வந்து கிடந்துச்சாங்கறதை கட்டாயம் எழுதி வைங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா பாறையோட வயசு தெரிஞ்சா பாதி மிருகங்க லிஸ்ட்ல இருந்து தானா கழண்டுடும். 3 கோடி வருஷ பாறைக்குள்ள பதிஞ்சிருக்கற பல் மாமத்ங்கற அழிஞ்சுபோன யானை வகையோடதா இருக்க முடியாது, அப்போ மாமத்தே கிடையாது. ஆத்துல உருண்டு வந்த பல்லுக்கு இந்த உதவி கிடைக்காது, வேற வேற காலத்து பொருள் எல்லாம் ஒரே மணல் திட்டுல சேந்துடும்.

சட்டத்தையும் இங்கயே பாத்துடணும். ஒவ்வொரு நாட்டுலயும் ஃபாசில் எடுக்கறதுக்கு ஒவ்வொரு விதி, சில இடத்துல தனியார் நிலத்துல ஓனர் அனுமதி போதும், சில இடத்துல எடுத்தாலே குத்தம். உதாரணமா அமெரிக்காவுல மத்திய அரசு நிலத்துல முதுகெலும்புள்ள பிராணியோட ஃபாசிலை பெர்மிட் இல்லாம எடுக்கக்கூடாது. உங்க இடத்துல என்ன விதின்னு தெரியலன்னா போட்டோவும் இடமும் மட்டும் எடுத்துக்கிட்டு பல்லை அங்கயே விட்டுட்டு வாங்க.

பல்லு தாடையோட சேந்து இருந்தா, இல்ல சுத்தி எலும்பு தெரிஞ்சா, தோண்டாதீங்க, அது அருங்காட்சியக ஆளுங்க வேலை. அப்புறம் இன்னொண்ணு, மனுஷ பல் மாதிரி இருந்தா தொடாம முதல்ல போலீஸுக்கு சொல்லணும், அது பன்னி பல்லா இருந்தாலும் பரவாயில்ல, சொல்றதுல தப்பே கிடையாது.

படி 2: சுத்தம் பண்றது

சாதா தண்ணி, மெத்துனு இருக்கற பிரஷ், இவ்வளவு போதும். வினிகர், ஆசிட், பிளீச் எதுவும் வேணாம், பல்லும் கால்சியம் பாஸ்பேட் தான், ஆசிட் பட்டா கரையும். முழுசா கல்லா மாறாத பனியுகத்து பற்கள், முக்கியமா மாமத் பல், ஈர மண்ணுல இருந்து வந்ததும் வெயில்ல வெச்சீங்கன்னா தட்டு தட்டா பிளந்துடும். ஈரத்துணியில சுத்தி, பாதி திறந்த பிளாஸ்டிக் பையில போட்டு, நிழல்ல வாரக்கணக்குல மெதுவா காய விடணும்.

வார்னிஷ், ஃபெவிகால், சூப்பர் க்ளூ இதெல்லாம் பூசாதீங்க. உண்மையிலயே உதிருதுன்னா அருங்காட்சியகங்கள்ல பயன்படுத்தற பாராலாய்ட் பி-72ங்கற பிசினை அசிட்டோன்ல தண்ணியா கரைச்சு பூசலாம், அது பின்னாடி வேணும்னா அசிட்டோன்லயே திரும்ப எடுத்துடலாம். எதுக்கு இவ்வளவு ஜாக்கிரதைன்னா, பல்லுக்குள்ள இருக்கற தகவல் கண்ணுக்கு தெரியறதோட முடியல. 2019ல ஜைஜான்டோபிதிகஸ் பல்லோட எனாமல்ல இருந்து சுமார் 19 லட்சம் வருஷ பழைய புரதத்தை எடுத்து அந்த குரங்கு ஒராங்குட்டானோட சொந்தக்கார இனம்னு காட்டினாங்க, 2021ல சைபீரியாவுல கிடைச்ச மாமத் கடைவாய்ப்பல்ல இருந்து பத்து லட்சம் வருஷத்துக்கும் மேல பழைய டிஎன்ஏவை படிச்சாங்க. நாம பூசற பசை அந்த வாய்ப்பை கெடுத்துடக்கூடாது.

படி 3: இது பல்லு தானா?

சிரிக்காதீங்க, பல்லுனு நினைச்சு கொண்டுவரதுல நிறைய வெறும் கல்லு தான். கொம்பு பவளம்னு சொல்ற பழைய பவள ஃபாசில், உருண்ட சக்கிமுக்கி கல், கால்சைட் படிகம் இதெல்லாம் நல்லா ஏமாத்தும். பல்லுனா குறைஞ்சது ரெண்டு வேற வேற பொருள் தெரியணும்: வெளிய வழுவழுன்னு கண்ணாடி மாதிரி பளபளப்பா எனாமல், உள்ள மங்கலா டென்டின். உடைஞ்ச ஓரம் இருந்தா ஒரு லென்ஸ் வெச்சு பாருங்க, எனாமல் ஒரு தனி பட்டையா, தடிமன் சீரா, டென்டினுக்கு மேல உக்காந்திருக்கறது தெளிவா தெரியும். கல்லுல இந்த எல்லைக்கோடு இருக்காது. குதிரை, மாடு, யானை மாதிரி செடி தின்னறதுங்கள்ல மூணாவதா சிமெண்டம்னு ஒண்ணு பல்லோட மடிப்புக்குள்ள நிரம்பி இருக்கும், அது எலும்பு மாதிரி மங்கலா இருக்கும்.

இதுல விதிவிலக்கு, மரத்துல தொங்கிக்கிட்டு மெதுவா நகர்ற ஸ்லோத்தோட குடும்பம். மெகாதீரியம் மாதிரி நில ஸ்லோத்துக்கு எனாமலே கிடையாது, அதோட பல் பளபளப்பே இல்லாத ஒரு கட்டை மாதிரி இருக்கும், தெரியாதவங்க தூக்கி போட்டுடுவாங்க.

படி 4: பாலூட்டியோடது தானா?

சுறா பல்னா தட்டையா, ஓரம் கூரா, கீழ வேர் சொரசொரப்பா வேற கலர்ல இருக்கும். முதலை பல் கூம்பா, அடியில குழியா, ரெண்டு பக்கமும் ஒரு மெல்லிய விளிம்போட இருக்கும். ஊர்வன பற்கள் ஒரு வாயில பெரும்பாலும் ஒரே மாதிரி தான் இருக்கும், விழ விழ புதுசா முளைக்கும்.

பாலூட்டியோட அடையாளம் வேர்ல இருக்கு. கன்னத்துப் பற்களுக்கு ரெண்டு, மூணு, சில சமயம் அதுக்கும் மேல பிரிஞ்ச வேர் இருக்கும். இதை வெச்சு தான் ஒரு பெரிய தப்பு சரியாச்சு: 1834ல ரிச்சர்ட் ஹார்லன் அமெரிக்காவுல கிடைச்ச ஒரு பிரம்மாண்ட முதுகெலும்பை பாத்து இது கடல் ஊர்வனன்னு பாசிலோசாரஸ்னு பேர் வெச்சார், 1839ல ரிச்சர்ட் ஓவன் அதோட பல்லை பாத்தப்போ கன்னத்துப் பல்லுக்கு ரெண்டு வேர், அப்போ இது பாலூட்டி, ஆதிகாலத்து திமிங்கலம்னு சொல்லிட்டார். பேரு மட்டும், முதல்ல வெச்ச பேருக்கே முன்னுரிமைங்கற விதிப்படி அப்படியே நின்னுடுச்சு.

வேர் உடைஞ்சு போயிருந்தாலும் கவலை இல்ல, மெல்லுற பரப்புல மேடு பள்ளம் சிக்கலா இருந்தா, மேல் பல்லும் கீழ் பல்லும் துல்லியமா உரசின மாதிரி தட்டையா தேய்மானம் இருந்தா, பெரும்பாலும் பாலூட்டி தான். ஒத்தை வேர் கூம்பு பல்னா தான் குழப்பம், அது கோரைப்பல்லாவும் இருக்கலாம், டால்ஃபின் வகையாவும் இருக்கலாம், முதலையாவும் இருக்கலாம்.

படி 5: பழசா, புதுசா?

ரொம்ப பேர் கருப்பா இருந்தா ஃபாசில்னு முடிவு பண்ணிடறாங்க. கலர் வயசை சொல்லாது. இரும்பு, மாங்கனீஸ் தாது கலந்த சேத்துல கிடந்தா நேத்து செத்த மாட்டோட பல்லும் கொஞ்ச காலத்துல கரும்பழுப்பா ஆயிடும், வெளிறின மண்ணுல கிடந்த லட்சக்கணக்கான வருஷ பல் கிரீம் கலர்லயே இருக்கும். சுறா பல் கருப்பா இருக்கறதும் அந்த மண்ணோட தாது ஏறினதால தான்.

கொஞ்சம் உதவுறது எடை. ஒரே சைஸ் இன்றைய பல்லோட ஒப்பிட்டா தாது ஏறின பல் கனமா இருக்கும், மெதுவா கண்ணாடியில தட்டினா பீங்கான் சத்தம் வரும். இன்னொரு பழைய சோதனை சூடு பண்ணின ஊசியை வேர்ப்பக்கம் வெக்கறது, முடி கருகுற வாசனை வந்தா உள்ள கொலாஜன்ங்கற புரதம் இன்னும் இருக்குனு அர்த்தம், வரலன்னா அது போயிடுச்சு. ஆனா இதை முழு பல்லுல செய்யாதீங்க, தானா உதிர்ந்த ஒரு துண்டு இருந்தா அதுல மட்டும் பாருங்க. நாக்குல ஒட்டுதான்னு பாக்கற பழக்கமும் இருக்கு, அது எலும்புக்கு தான் ஓரளவு பொருந்தும், எனாமல் எப்படியும் ஒட்டாது, சுகாதாரமும் இல்ல.

இந்த சோதனைங்க எதுவும் வருஷக்கணக்கு தராது. ரேடியோகார்பன் சுமார் 50,000 வருஷம் வரைக்கும் தான் எட்டும், அதுக்கு மேல பாறை அடுக்கு தான் பேசணும், படி 1ல எழுதி வெச்ச குறிப்பு இங்க தான் கை கொடுக்கும்.

படி 6: வாயில எந்த இடத்து பல்?

மிருகத்தோட பேரை தேடறதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணியே ஆகணும், இந்த இடத்துல தாவிப் போறவங்க தான் அதிகமா தப்பு பண்றாங்க. கீழ் கடைவாய்ப்பல்லை மேல் கடைவாய்ப்பல் படத்தோட ஒப்பிட்டா ஆயுசுக்கும் பொருந்தாது.

நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளோட பழைய கணக்கு ஒரு பக்கத்துக்கு 3 வெட்டுப்பல், 1 கோரை, 4 முன்கடைவாய், 3 கடைவாய், மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் சேத்தா 44. பன்னி இன்னும் இந்த கணக்கை அப்படியே வெச்சிருக்கு. மத்ததுங்க ஒவ்வொண்ணா இழந்துடுச்சுங்க, பூனைக்கு 30, நாய்க்கு 42, மாட்டுக்கு மேல் தாடையில முன்பல்லே கிடையாது.

மேலா கீழான்னு பாக்க பொதுவான வழி: மேல் கடைவாய்ப்பல் அகலமா, சதுரமோ முக்கோணமோ மாதிரி, மூணோ அதுக்கு மேலயோ வேரோட இருக்கும், கீழ் கடைவாய்ப்பல் ஒடுங்கி நீளமா ரெண்டு வேரோட இருக்கும். குதிரையில இது அச்சு அசலா பொருந்தும், மேல் பல் வெட்டுமுகம் கிட்டத்தட்ட சதுரம், கீழ் பல் ஒல்லியான செவ்வகம்.

கடைசி கீழ் கடைவாய்ப்பல்லுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு, மாடு, மான், பன்னி வகைகள்ல ரெண்டு மடலுக்கு பின்னாடி மூணாவதா ஒரு சின்ன மடல் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆனா உஷாரா இருங்க, இதே மிருகங்களோட கடைசி கீழ் பால்பல்லுக்கும் மூணு மடல் உண்டு. பால்பல்னா எனாமல் மெல்லிசா, க்ரவுன் (வேருக்கு மேல இருக்கற பகுதி) குட்டையா, அடியில வளர்ற நிரந்தர பல்லுக்கு இடம் விட்டு வேர்கள் வெளிப்பக்கமா விரிஞ்சு இருக்கும், பல சமயம் வேர் கரைஞ்சு போயிருக்கும். மூணு மடலும் ஓரளவு சமமா இருந்தா பால்பல்லை சந்தேகப்படுங்க, கடைசி மடல் மட்டும் தெளிவா சின்னதா இருந்தா நிரந்தர பல்.

படி 7: மெல்லுற பரப்பை படிக்கறது

நல்ல வெளிச்சத்துல, பக்கவாட்டுல இருந்து லைட் அடிச்சு, பல்லை மேல இருந்து நேரா பாருங்க. எனாமல் வெளிறின மேடா, டென்டின் அதுக்குள்ள கொஞ்சம் பள்ளமா தெரியும். இந்த எனாமல் கோட்டை ஒரு பேப்பர்ல பென்சிலால வரைஞ்சு பாக்க சொல்லுவேன், வரையறப்போ தான் கண்ணு கவனிக்க ஆரம்பிக்கும், போட்டோ எடுத்துட்டு போறதுல அது வராது.

உருண்டை மேடுகள். பன்னி, கரடி, குரங்கு, மனுஷன், எல்லாத்தையும் தின்னற கூட்டம். பன்னியோட கடைசி கடைவாய்ப்பல் நீண்டுபோய் மேடுகளுக்கு நடுவுல குட்டி குட்டி மேடா நிறைஞ்சு இருக்கும், கரடியோடது தட்டையா, மேடு தாழ்வா, எனாமல் சுருக்கம் சுருக்கமா இருக்கும். தேஞ்சுட்டா இதுங்களை பிரிக்கறது கஷ்டம், நெப்ராஸ்கா கதை இங்க தான் நடந்தது. நீர்யானையையும் இங்கயே பாத்துக்கலாம், அதோட கடைவாய்ப்பல் தேயறப்போ மூணு இலை சேந்த மாதிரி கோலம் வரும், கோரைப்பல்லோட மேல்பரப்புல நீளவாக்குல பள்ளக்கோடு ஓடும்.

பிறை வடிவம். அசைபோடுற கூட்டம், மாடு, எருமை, பைசன், மான், ஆடு, ஒட்டகம். ஒவ்வொரு மடல்லயும் ரெண்டு பிறை, கன்னப் பக்கம் ஒண்ணு, நாக்குப் பக்கம் ஒண்ணுன்னு நிக்கும். மான் பல்னா க்ரவுன் குட்டையா வேர் சீக்கிரமே ஆரம்பிச்சுடும், மாட்டுப் பல்னா உயரம். மாடு, பைசன் கடைவாய்ப்பல்ல ரெண்டு மடலுக்கு நடுவுல ஒரு சின்ன தனித்தூண் நிக்கும், மேல் பல்லுக்கு நாக்குப் பக்கம், கீழ் பல்லுக்கு கன்னப் பக்கம், தேய தேய அது எனாமல் வளையமா பரப்புல தெரியும். மாடா பைசனாங்கறதை ஒத்தை பல்லை வெச்சு சொல்றது நிபுணர்களுக்கே சிரமம், அதனால யாராவது போட்டோ பாத்த உடனே உறுதியா சொன்னா நம்பாதீங்க.

குதிரை. இதுக்கு தனி இடம் தரணும், ஏன்னா பனியுகத்து மண்ணுல அதிகமா கிடைக்கறதுல இதுவும் ஒண்ணு, மாட்டுப் பல்லோட குழப்பிக்கறதும் இதை தான். குதிரையோட கன்னத்துப் பல் நெடுநெடுன்னு ஒரு நாலுபக்க தூண், புதுசா முளைச்சப்போ 8 செ.மீ. பக்கத்துல உயரம் இருக்கும், வயசாக ஆக தேஞ்சு குட்டையாகும், அதனால உயரத்தை வெச்சு சைஸ் கணக்கு போடாதீங்க. மேல் பல் பரப்புல நடுவுல ரெண்டு எனாமல் தீவு, அதுக்குள்ள சிமெண்டம், தீவோட ஓரம் நெளிநெளியா மடிஞ்சு இருக்கும். மாட்டுல அந்த நெளிவு கிடையாது, கோடு வழுவழுன்னு பிறையா போகும். இன்னும் உள்ள போகணும்னா நாக்குப் பக்கம் இருக்கற புரோட்டோகோன்ங்கற மேட்டை பாருங்க, அது மத்த எனாமலோட ஒட்டாம தனித்தீவா நின்னா ஹிப்பாரியன் மாதிரியான மூணு விரல் குதிரை கூட்டம், ஒட்டியிருந்தா ஈக்வஸ், அதாவது இன்றைய குதிரை, வரிக்குதிரை பேரினத்து பக்கம். கீழ் பல்லுல நாக்குப் பக்கம் ரெட்டை முடிச்சு மாதிரி ஒண்ணு இருக்கும், ரெண்டு முடிச்சுக்கு நடுவுல உள்ள பள்ளம் வளைவா அகலமா இருந்தா இன்றைய குதிரை வகை, கூரா முக்கோணமா இருந்தா வரிக்குதிரை, பழைய ஈக்வஸ் வகை. ஒரே பல்லுல இத்தனை விஷயம் எழுதியிருக்கறது எனக்கு இன்னமும் ஆச்சரியம் தான்.

முகடுகள். காண்டாமிருக மேல் கடைவாய்ப்பல்லை மேல இருந்து பாத்தா நம்ம 'ப' எழுத்தை தலைகீழா கவுத்த மாதிரி இருக்கும், கன்னப் பக்கம் ஒரு நீள முகடு, அதுல இருந்து நாக்குப் பக்கமா ரெண்டு முகடு இறங்கும். கீழ் பல்லுல ரெண்டு வளைஞ்ச முகடு ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணு. உடைஞ்ச துண்டு மட்டும் கிடைச்சாலும் ஒரு வழி இருக்கு, காண்டாமிருக எனாமலோட உள் பட்டைகள் நெட்டுக்குத்தா ஓடும், மத்த பெரும்பாலான பெரிய மிருகங்கள்ல படுக்கையா ஓடும், லென்ஸ்ல சாய்வான வெளிச்சத்துல இது தெரியும்.

யானை கூட்டம். ரொம்ப பெருசுங்கறதால சுலபம்னு தோணும், உள்ளுக்குள்ள பிரிக்கறது அவ்வளவு சுலபம் இல்ல. மாஸ்டோடான், காம்ஃபோதீர், ஸ்டெகோடான் மூணும் அழிஞ்சுபோன யானை சொந்தங்க. மாஸ்டோடான் பல்லுல ஜோடி ஜோடியா பெரிய கூம்பு மேடுகள், சிமெண்டம் கிட்டத்தட்ட இல்ல, கடைசி பல்லுலயும் நாலஞ்சு வரிசை தான். காம்ஃபோதீர் தேஞ்சா மூவிலை கோலம் வரும். ஸ்டெகோடான்ல தாழ்வான கூரை மாதிரி முகடு வரிசையா போகும். மாமத்துலயும் உண்மையான யானைகள்லயும் மெல்லிசான எனாமல் தட்டுகள் நெருக்கமா நிக்கும், நடுவுல சிமெண்டம், தேஞ்ச பரப்புல நீண்ட வளையங்களா தெரியும். ஆப்பிரிக்க யானையில அந்த வளையம் நடுவுல புடைச்சு சாய்சதுரமா இருக்கும்.

மாமத்தா இன்னொரு யானையான்னு பிரிக்க 10 செ.மீ. நீளத்துல எத்தனை தட்டு வருதுன்னு எண்ணுவாங்க, எனாமல் தடிமனையும் அளப்பாங்க. கம்பளி மாமத்தோட கடைசி கடைவாய்ப்பல்ல மொத்தம் 20க்கும் மேல தட்டு இருக்கும், எனாமல் 1 முதல் 2 மி.மீ. தான். இங்க ஒண்ணு ஞாபகம் வைங்க, யானை வாழ்நாள்ல ஒரு பக்க தாடைக்கு ஆறு பல் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா வரும், முதல் பல் குட்டியானது, ஆறாவது பிரம்மாண்டம், அதனால சின்ன பல்லுனா குட்டை யானை இனம்னு முடிவு பண்ணக்கூடாது, அது குட்டியோட பல்லா இருக்கலாம். மெல்லுற பரப்பு கொஞ்சம் புடைச்சிருந்தா மேல் பல், குழிஞ்சிருந்தா கீழ் பல். தட்டு ஒண்ணு மட்டும் தனியா கழண்டு கிடைச்சா விரல் விரலா நுனியோட விநோதமா இருக்கும், அதை நிறைய பேர் ஏதோ புது மிருகம்னு நினைச்சுக்கறாங்க.

தந்தத் துண்டு கிடைச்சா குறுக்கு வெட்டுல ஷ்ரேகர் கோடுகளை (ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கற மெல்லிய வளைவுக் கோடுகள்) பாருங்க, வெளி ஓரத்துக்கு பக்கத்துல அந்த கோடுகள் வெட்டிக்கற கோணம் 90 டிகிரிக்கு கீழ இருந்தா மாமத், 115க்கு மேல இருந்தா இன்றைய யானை. நடுவுல வந்தா ஒரே கோணத்தை வெச்சு சொல்லாம நிறைய கோணம் அளந்து சராசரி எடுக்கணும்.

கத்தி பற்கள். மாமிசம் தின்னற கூட்டத்துல மேல் நாலாவது முன்கடைவாயும் கீழ் முதல் கடைவாயும் கத்தரிக்கோல் மாதிரி உரசும். பூனை வகையில கீழ் பல் சுத்தமா ரெண்டு கத்தி மட்டும், பின்னாடி ஒண்ணும் இருக்காது. நாய், ஓநாய்ல கத்திக்கு பின்னாடி அரைக்கறதுக்கு ஒரு தாழ்வான குதிகால் இருக்கும். கழுதைப்புலியோட முன்கடைவாய் எலும்பு உடைக்க ஏத்த மாதிரி தடிச்ச கூம்பு. ஸ்மைலோடான் மாதிரி வாள்பல் பூனையோட மேல் கோரை தட்டையா, நீளமா, ஓரத்துல நுண்ணிய ரம்பப்பல்லோட இருக்கும், கரடி கோரை உருண்டையா, ரம்பம் இல்லாம இருக்கும்.

கொறிக்கறதுங்களோட வெட்டுப்பல்ல எனாமல் முன்பக்கம் மட்டும் தான், அதனால நுனி உளி மாதிரி தேயும். கிளிப்டோடான்ங்கற அழிஞ்சுபோன ராட்சச அர்மடில்லோ வகையோட பல்னா ரெண்டு பக்கமும் ஆழமா வெட்டுப்பட்டு மூணு மடலா இருக்கும், ஒரு தடவை பாத்தா மறக்காது. டெஸ்மோஸ்டைலஸ்னு ஒரு கடல் மிருகம், தடியான எனாமல் குழாய்களை கட்டா கட்டின மாதிரி பல்.

படி 8: அளவும் போட்டோவும்

டிஜிட்டல் காலிப்பர்ல நீளம், அகலம், க்ரவுன் உயரம் மூணையும் 0.1 மி.மீ. வரைக்கும் எடுங்க. நீளம்னா தாடை ஓடற திசையில, அகலம்னா கன்னத்துல இருந்து நாக்கு வரைக்கும். எங்க அளந்தீங்கங்கறதையும் எழுதுங்க, பரப்புலயா அடியிலயான்னு, குதிரை பல்லுல ரெண்டுக்கும் வித்தியாசம் வரும்.

போட்டோ ஆறு பக்கமும் வேணும், அதுல மெல்லுற பரப்பு தான் ராஜா, கேமராவை அதுக்கு நேர் செங்குத்தா வெச்சு எடுங்க, சாய்ஞ்சா கோலமே மாறிடும். பின்னணி ஒரே நிறமா, லைட் இடது மேல் மூலையில இருந்து, ஸ்கேல் பல்லோட அதே உயரத்துல. கையில வெச்சு விரலோட எடுத்த மங்கலான படத்தை அனுப்பி என்ன பல்லுனு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது, படம் பாத்து பேர் சொல்ற ஆப்களையும் இந்த வேலைக்கு நம்பிடாதீங்க.

படி 9: பேர் வெக்கறது, எங்க நிறுத்தறது

இப்போ ஒப்பிடுங்க, அதே இடத்து பல், அதே பக்கம், முடிஞ்சா அதே தேய்மான நிலை. அருங்காட்சியகங்களோட டிஜிட்டல் தொகுப்புகள்லயும் ஆய்வுக் கட்டுரைகள்லயும் நல்ல படங்கள் இருக்கு, உங்க பாறையோட வயசுக்கும் பகுதிக்கும் ஏற்கனவே பதிவான மிருகங்க லிஸ்ட்டை முதல்ல எடுத்து அதுக்குள்ள தேடுங்க. லிஸ்ட்லயே இல்லாத மிருகம் தான் பொருந்துதுன்னு தோணினா படி 6க்கு திரும்பி போய் இடத்தை மறுபடி சரிபாருங்க, பெரும்பாலும் மேல் கீழ் மாறியிருக்கும், இல்ல பால்பல்லா இருக்கும்.

ஒத்தை பல்லை வெச்சு இனம் வரைக்கும் போக முடியறது குறைவு, பேரினம் வரைக்கும் போனாலே நல்ல வேலை, பல சமயம் குடும்பத்தோட நிறுத்த வேண்டியிருக்கும். நிபுணர்களே இதுக்கு வழி வெச்சிருக்காங்க, கிட்டத்தட்ட இதுதான் ஆனா உறுதி இல்லன்னா பேருக்கு முன்னாடி ஒப்பிடத்தக்கதுன்னு ஒரு குறி போடுவாங்க, அதுக்கு மேல பிரிக்க முடியலன்னா தீர்மானிக்க முடியாததுன்னு எழுதிட்டு விட்டுடுவாங்க. "மாட்டுக் குடும்பம், மேல் கடைவாய்ப்பல், வலது, நடுத்தர தேய்மானம், பேரினம் தெரியல" அப்படின்னு ஒருத்தர் எழுதியிருந்தா எனக்கு அவர் மேல பெரிய மரியாதை வரும், வெறுமனே "பைசன்"னு எழுதினவரை விட அவர் தான் பல்லை ஒழுங்கா பாத்திருக்கார்.

நிபுணர்கிட்ட காட்டறப்போ உங்க முடிவை மட்டும் சொல்லாம காரணத்தோட சொல்லுங்க, நடுத்தூண் இருக்கு, தீவு ஓரம் நெளியுது, வேர் ரெண்டுன்னு. பல்கலைக்கழக புவியியல் துறையிலயோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துலயோ பாலூட்டி ஃபாசில் பாக்கறவங்க பெரும்பாலும் சந்தோஷமா பதில் சொல்லுவாங்க, இடத்தோட விவரம் கூட வந்தா இன்னும் ஆர்வமாவாங்க.

படி 10: எடுத்து வெக்கறது

லேபிள்ல இடம், அடுக்கு, தேதி, கண்டெடுத்தவர் பேர், அளவு, உங்க கணிப்பு, அந்த கணிப்பை எப்போ பண்ணீங்க எல்லாம் இருக்கணும். கணிப்பு பின்னாடி மாறினா பழசை அடிச்சு அழிக்காம கீழ புதுசை தேதியோட எழுதுங்க. லேபிள் தொலைஞ்சா பல்லோட பாதி மதிப்பு போச்சு, அதனால பல்லு மேலயே ஒரு நம்பர் போட்டுடறது நல்லது: வேர்ப்பக்கம் சின்னதா ஒரு இடத்துல பாராலாய்ட் ஒரு பூச்சு, காஞ்சதும் அதுக்கு மேல மெல்லிய இங்க் பேனாவால நம்பர், அதுக்கு மேல இன்னொரு பூச்சு. அதே நம்பரை நோட்டுலயும் எழுதிடுங்க. மெல்லுற பரப்புல மட்டும் எதுவும் எழுதாதீங்க, அடுத்து பாக்க வர்றவங்க முதல்ல பாக்கப்போறது அந்த பக்கத்தை தான்.